மனிதன் தீர்மானம் எடுப்பது எவ்வாறு? – பல்கலைக்கழக உளவியல் பாடத்துக்கு ஓர் அறிமுகம்



க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் உங்கள் முன் வந்து நிற்கும் பெரிய வினா, எந்த வினாத்தாளிலும் வராத வினாவாகும். உயர்தரத்தில் எந்தத் துறையைத் தெரிவுசெய்வது? கலையா, வர்த்தகமா, விஞ்ஞானமா, கணிதமா, தொழினுட்பமா? வீட்டில் ஒரு விடை சொல்வார்கள். பாடசாலையில் இன்னொரு விடை சொல்வார்கள். உங்கள் மனதில் வேறொன்று இருக்கும்.

இவ்வாறு பல வழிகள் உள்ளபோது மனிதன் அவற்றுள் ஒன்றை எப்படித் தெரிவுசெய்கிறான், எங்கே தவறுகிறான், ஏன் தவறுகிறான் என்பவற்றை ஆராயும் கல்வித்துறை ஒன்று உண்டு. அதுவே தீர்மானமெடுத்தல் உளவியல். பல்கலைக்கழகங்களில் உளவியல் பாடத்தின் ஒரு பகுதியாக இது கற்பிக்கப்படுகின்றது. அதில் என்ன கற்கிறார்கள், எவ்வாறு கற்கிறார்கள், அதற்கு நீங்கள் இப்போதே எவ்வாறு தயாராகலாம் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

1. உளவியல் பற்றிய இரு தப்பெண்ணங்கள்

முதலாவது, உளவியல் படித்தவர் பிறர் மனதில் இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்பது. இது தவறு. உளவியல் ஒரு விஞ்ஞானம். 1879 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார். அன்று தொடக்கம் அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு என்னும் படிமுறைகளிலேயே இப்பாடம் வளர்ந்து வந்துள்ளது. இப்படிமுறைகளை நீங்கள் விஞ்ஞான பாடத்தில் ஏற்கெனவே கற்றிருக்கிறீர்கள்.

இரண்டாவது, உளவியல் என்றால் மனநோய்க்குச் சிகிச்சை அளிப்பது மட்டுமே என்பது. அதுவும் தவறு. ஞாபகம், கவனம், கற்றல், மொழி, தீர்மானமெடுத்தல் என்று நலமாக உள்ள மனிதரின் மனச் செயற்பாடுகளே இப்பாடத்தின் பெரும் பகுதியாகும். (மனநோய் வைத்தியராக வர விரும்புவோர் முதலில் மருத்துவப் பட்டம் பெறவேண்டும் என்பதைக் கவனத்திற் கொள்க.)

2. அடிப்படைக் கருத்து: எல்லைக்குட்பட்ட பகுத்தறிவு

பழைய பொருளியல் நூல்கள் மனிதனைப் பூரண பகுத்தறிவுள்ளவனாகக் கொண்டன. அவன் எல்லா வழிகளையும் அறிவான், ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் கணிப்பான், மிகச் சிறந்ததையே தெரிவுசெய்வான் என்று அவை கருதின.

அமெரிக்க அறிஞர் ஹேர்பேர்ட் சைமன் இதனை மறுத்தார். மனிதனுக்குக் கிடைக்கும் தகவல் குறைவு, நேரம் குறைவு, கணிக்கும் ஆற்றலும் குறைவு. எனவே அவன் மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. தனக்குப் போதுமானது என்று தோன்றும் ஒன்று கிடைத்தவுடன் அதனை ஏற்றுக்கொள்கிறான். இதுவே எல்லைக்குட்பட்ட பகுத்தறிவு எனப்படும். சைமனுக்கு 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உதாரணம்: சந்தையில் மீன் வாங்கச் செல்லும் ஒருவர் எல்லாக் கடைகளிலும் விலை கேட்பதில்லை. இரண்டு மூன்று கடை பார்த்து, "இது பரவாயில்லை" என்று தோன்றியதும் வாங்கிவிடுகிறார். இது சோம்பல் அன்று. எல்லாக் கடையும் ஏறி இறங்கினால் மிச்சப்படும் பணத்தை விட வீணாகும் நேரம் அதிகமாக இருக்கலாம்.

3. ஒரே விடயம், இரு சொற்கள்

டானியல் கானமன், ஆமொஸ் ட்வேர்ஸ்கி ஆகிய இருவரும் இத்துறையின் முன்னோடிகள். அவர்கள் 1981 இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றைப் பாருங்கள். கொடிய நோயொன்று பரவவுள்ளது. எதுவும் செய்யாவிடில் 600 பேர் இறப்பர். இரு திட்டங்கள் உள்ளன.

முதலாவது குழுவினரிடம் (152 பேர்) இவ்வாறு கேட்கப்பட்டது:
அ. இத்திட்டத்தால் 200 பேர் காப்பாற்றப்படுவர்.
ஆ. இத்திட்டத்தால் 600 பேரும் காப்பாற்றப்படுவதற்கான நிகழ்தகவு 1/3. ஒருவரும் காப்பாற்றப்படாமைக்கான நிகழ்தகவு 2/3.

72 சதவீதத்தினர் 'அ' வைத் தெரிவுசெய்தனர்.

இரண்டாவது குழுவினரிடம் (155 பேர்) இவ்வாறு கேட்கப்பட்டது:
இ. இத்திட்டத்தால் 400 பேர் இறப்பர்.
ஈ. இத்திட்டத்தால் ஒருவரும் இறக்காமைக்கான நிகழ்தகவு 1/3. 600 பேரும் இறப்பதற்கான நிகழ்தகவு 2/3.

இங்கு 78 சதவீதத்தினர் 'ஈ' யைத் தெரிவுசெய்தனர்.

இப்போது கணித்துப் பாருங்கள். 600 பேரில் 200 பேர் காப்பாற்றப்படுவதும் 400 பேர் இறப்பதும் ஒன்றே. ஆகவே 'அ' வும் 'இ' யும் ஒரே திட்டம். அவ்வாறே 'ஆ' வும் 'ஈ' யும் ஒரே திட்டம். எண் மாறவில்லை, சொல் மட்டுமே மாறியது. 'காப்பாற்றப்படுவர்' என்றபோது மக்கள் நிச்சயமானதைப் பற்றிக்கொண்டனர். 'இறப்பர்' என்றபோது இழப்பைத் தவிர்ப்பதற்காகத் துணிந்து ஆபத்தை ஏற்றனர். இது சட்டகமிடல் விளைவு எனப்படும்.

இலாபமாகத் தோன்றும்போது மனிதர் நிச்சயமானதை விரும்புவர், இழப்பாகத் தோன்றும்போது ஆபத்தை ஏற்பர் என்பதே இதன் அடிப்படை. இதனை இருவரும் 1979 இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். ட்வேர்ஸ்கி 1996 இல் காலமானார். கானமன் 2002 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார், 2024 இல் காலமானார்.

4. உங்கள் கணித பாடம் இங்கே உதவுகின்றது

அவர்கள் ஆராய்ந்த இன்னொரு பிரசினம் இது. ஒரு நகரில் உள்ள வாடகைக் கார்களில் 85 சதவீதம் பச்சை, 15 சதவீதம் நீலம். இரவில் வாடகைக் கார் ஒன்று ஒருவரை மோதிவிட்டு ஓடிவிட்டது. கண்ட சாட்சி "அது நீல நிறம்" என்கிறார். பரிசோதித்துப் பார்த்ததில், இரவில் அவர் 100 க்கு 80 தடவை நிறத்தைச் சரியாகச் சொல்கிறார். அந்தக் கார் உண்மையில் நீலமாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

வாசிப்பதை நிறுத்தி ஒரு விடையை எழுதுங்கள்.

பெரும்பாலானோர் 80 சதவீதம் என்றே விடையளிக்கின்றனர். 100 கார்களை எடுத்துக்கொண்டு கணிப்போம்.

நீலக் கார்கள் 15. அவற்றை அவர் நீலம் என்று சரியாகச் சொல்வது: 15 × 80/100 = 12
பச்சைக் கார்கள் 85. அவற்றை அவர் நீலம் என்று பிழையாகச் சொல்வது: 85 × 20/100 = 17
அவர் நீலம் என்று சொல்வது மொத்தமாக: 12 + 17 = 29
ஆகவே நிகழ்தகவு = 12/29, அதாவது ஏறத்தாழ 41 சதவீதம்.

சாட்சி நல்லவரே. ஆயினும் அக்கார் பச்சையாக இருப்பதற்கான வாய்ப்பே கூடியது. காரணம், நகரில் பச்சைக் கார்களே மிகுதி. மனிதர் சாட்சியின் சொல்லில் மட்டும் கவனம் செலுத்தி, அடிப்படை வீதமாகிய 85, 15 என்பவற்றை மறந்துவிடுகின்றனர். ஒருவர் குற்றவாளியா, ஒருவருக்கு நோய் உண்டா என்பன இவ்வாறான கணிப்பிலேயே தங்கியிருக்கலாம். நீதிபதிக்கும் வைத்தியருக்கும் இவ்வறிவு ஏன் தேவை என்பது இப்போது விளங்கும்.

மேலே நாம் சதவீதத்தை விட்டு "100 கார்கள்" என்று எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டோம். இவ்வாறு எண்ணிக்கையாகத் தரும்போது மக்கள் சரியான விடையை அடைவது கூடுகிறது என்பதை ஜேர்மனிய உளவியலாளர் கேர்ட் கிகரென்சரும் அவரது சகாவும் 1995 இல் காட்டினர். மனிதன் மூடன் அல்லன், தகவல் தரப்படும் முறையே பல வேளைகளில் அவனைத் தடுமாற வைக்கின்றது என்பது கிகரென்சரின் வாதம். இவ்விரு சாராரின் கருத்து வேறுபாட்டையும் ஒப்பிட்டு ஆராய்வது பல்கலைக்கழக மாணவர் செய்யவேண்டிய பணிகளில் ஒன்று.

5. செலவழித்துவிட்டோம் என்பதற்காக

1985 இல் ஆர்க்ஸ், புளூமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவகால நுழைவுச்சீட்டு வாங்க வந்த சிலருக்கு முழு விலையிலும், சிலருக்குக் கழிவு விலையிலும் சீட்டு வழங்கப்பட்டது. யாருக்கு எந்த விலை என்பது எழுமாறாகவே தீர்மானிக்கப்பட்டது. பருவகாலத்தின் முதற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே கூடுதலான நாடகங்களுக்கு வந்தனர்.

எல்லோருக்கும் ஒரே நாடகங்கள்தாம். கொடுத்த பணமும் யாருக்கும் திரும்பி வராது. ஆயினும் கூடக் கொடுத்தவர் "காசு வீணாகக் கூடாது" என்று வந்தார். மீளப்பெற முடியாத செலவு அடுத்த தீர்மானத்தையும் இழுத்துச் செல்கின்றது.

எழுமாறாகப் பிரித்தமை ஏன் முக்கியம்? நாடகப் பிரியர்கள் மட்டும் முழு விலை கொடுத்திருந்தால், அவர்கள் வந்தது பணத்தாலா விருப்பத்தாலா என்று அறிய முடியாது போய்விடும்.

6. பரீட்சை மண்டபத்தில் ஒரு தீர்மானம்

"பல்தேர்வு வினாவில் முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். இது உண்மையா? 2005 இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் இலினோய்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்ற 1,561 மாணவரின் விடைத்தாள்கள் ஆராயப்பட்டன. அழித்து மாற்றிய விடைகளில் 51 சதவீதம் பிழையிலிருந்து சரிக்கு மாறியவை. 25 சதவீதம் சரியிலிருந்து பிழைக்கு மாறியவை. எஞ்சியவை ஒரு பிழையிலிருந்து இன்னொரு பிழைக்கு மாறியவை.

அப்படியாயின் ஏன் அந்த அறிவுரை நிலைத்து நிற்கிறது? சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்துக்கொண்டால் அந்த வருத்தம் மனதை விட்டுப் போகாது. மாற்றியதால் கிடைத்த புள்ளியோ விரைவில் மறந்துவிடும். ஆகவே காரணமின்றி விடையை மாற்றவேண்டாம். மீண்டும் வாசிக்கும்போது தெளிவான காரணம் தென்பட்டால் மாற்றத் தயங்கவும் வேண்டாம்.

7. கண்டவை எல்லாம் உறுதியானவையா?

நல்ல விஞ்ஞானம் தன்னைத் தானே சோதிக்கும். 2015 இல் வெளியான பெரிய ஆய்வொன்று, உளவியலில் முன்னர் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. அவற்றுள் 36 சதவீதமானவையே புள்ளிவிபர ரீதியில் பொருளுள்ள பேறுகளை மீண்டும் தந்தன. மறுபுறம், 2014 இல் 36 தொகுதியினரிடம் செய்யப்பட்ட மீள்பரிசோதனையில், மேலே கூறிய சட்டகமிடல் விளைவு மீண்டும் காணப்பட்டது. எனினும் அதன் அளவு முதலிற் கண்டதை விடக் குறைவாக இருந்தது. பாடநூலில் உள்ளதை அப்படியே ஒப்புவிப்பது பல்கலைக்கழகத்தில் போதாது. "இது எவ்வாறு கண்டறியப்பட்டது? மீண்டும் செய்தால் வருமா?" என்று கேட்கப் பழகவேண்டும்.

8. இப்பாடத்துக்குத் தயாராவது எவ்வாறு?

இலங்கையின் உயர்தரப் பாடங்களில் உளவியல் தனிப்பாடமாக இல்லை. ஆகவே பல்கலைக்கழகத்தில் அதனைத் தொடங்கும் எல்லோரும் புதியவர்களே. பொதுவாகக் கலைப்பீடங்களில் முதலாம் ஆண்டில் பல பாடங்களைக் கற்று, அப்பெறுபேற்றைக் கொண்டே நான்கு ஆண்டு சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகின்றனர். எங்கு எப்பாடநெறி உண்டு, தகைமை என்ன என்பவற்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் அவ்வவ்வாண்டு பார்த்துக்கொள்க. இப்போது செய்யக்கூடியவை:

* கணிதத்தில் நிகழ்தகவு, புள்ளிவிபரம் ஆகிய அலகுகளை விளங்கிக் கற்றல். கலைத்துறைக்குப் போவதால் கணிதம் தேவையில்லை என எண்ணுவது தவறு.
* விஞ்ஞானத்தில் மாறிகள், கட்டுப்பாட்டுப் பரிசோதனை ஆகியவற்றைத் தெளிவாக அறிதல்.
* ஆங்கில வாசிப்பை வளர்த்தல். இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன.
* உயர்தரத்தில் கலைத்துறையைத் தெரிவுசெய்வோர், அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடத்தைப் பற்றிக் கேட்டறிதல்.

9. துறை தெரிவுக்கு இதனைப் பிரயோகித்தல்

"அந்தத் துறைக்குப் போனால் பத்துப் பேரில் மூவர் கம்பசுக்குப் போவர்" என்று ஒருவர் சொன்னால், "ஏழு பேர் போகமாட்டார்கள்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இரு முறையும் அதே முடிவுக்கு வருகிறீர்களா? அயலில் ஒரு அண்ணா பொறியியலாளராகிவிட்டார் என்றால், அவருடன் அதே வகுப்பில் இருந்த மற்றவர்கள் எங்கே என்று கேளுங்கள். அது அடிப்படை வீதம். "இவ்வளவு காசு ரியூசனுக்குக் கட்டியாயிற்று" என்பது ஒரு துறையில் தொடர்வதற்குக் காரணமாகாது. இனிவரும் காலத்தில் அதனால் என்ன பயன் என்பதே வினா. அதற்காக ஒரு தவணையில் புள்ளி குறைந்தவுடன் துறையை விட்டு ஓடுவதும் பொருத்தமன்று. விடாமுயற்சி முன்னே உள்ளதைப் பார்க்கும். வீண்பிடிவாதம் பின்னே செலவழிந்ததைப் பார்க்கும்.

சுயமதிப்பீட்டு வினாக்கள்

1. எல்லைக்குட்பட்ட பகுத்தறிவு என்பதனால் நீர் விளங்கிக்கொள்வது யாது? உமது ஊரிலிருந்து ஓர் உதாரணம் தருக.
2. பகுதி 4 இல் நகரின் கார்களில் 50 சதவீதம் நீலம் எனக் கொண்டு மீண்டும் கணிக்குக. (விடை: 80 சதவீதம். ஏன் என்பதை விளக்குக.)
3. நாடக அரங்கப் பரிசோதனையில் எழுமாறான தெரிவு இல்லாதிருப்பின் முடிவை ஏன் நம்பமுடியாது?
4. ஒரு தாளை மூன்று நிரல்களாகப் பிரிக்குக. முதலாவதில் நீர் நினைத்துள்ள உயர்தரத் துறைகளையும், இரண்டாவதில் ஒவ்வொன்றுக்குமான உமது காரணங்களையும், மூன்றாவதில் அக்காரணம் முதலில் யார் சொன்னது என்பதையும் எழுதுக. மூன்றாவது நிரலில் "நான்" என்பது எத்தனை தடவை வருகின்றது? பெறுபேறு வெளியாவதற்கு முன் இவ்வினாவுக்கு விடை எழுதி முடிக்குக.