60 சதவீத இதயம்

ஓய்வூதியர்கள் ஆயுள் சான்றிதழ் அளிக்க வரும் நவம்பர் மாதம் அது. நான் அப்போது பணியாற்றிய கிளையில், சான்றிதழ் வேலையை முடித்துக்கொண்ட பெரியவர் ஒருவர் எழுந்து செல்லாமல் இன்னொரு படிவத்தை என் மேசைமீது வைத்தார். முதிர்வுக்கு 14 மாதங்கள் மீதமிருந்த வைப்புத்தொகையை உடனே முடித்துத் தரும்படி அதில் எழுதியிருந்தார். காரணம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். முந்தைய நாள் எடுத்த எக்கோ பரிசோதனையின் அறிக்கை.

“இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்கிறதாம் சார். இனி எத்தனை நாளோ? இருப்பதை மகளிடம் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.”

மருத்துவர் அவ்வாறு சொன்னாரா என்று வினவினேன். மருத்துவரை இன்னும் பார்க்கவில்லையாம். அறிக்கையைப் படித்துப் பொருள் சொன்னவர் கல்லூரியில் படிக்கும் பேரன். “முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் ஐயா. படிவம் என்னிடமே இருக்கட்டும்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்த அறிக்கையில் இருந்தது ‘இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்’ என்னும் அளவு. இதயத்தின் இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதை அது காட்டும். ஏறக்குறைய 120 மில்லி லிட்டர் நிறைந்தால் 70 மில்லி லிட்டர் வெளியேறும்; எஞ்சியது உள்ளே தங்கும். அவ்வாறு தங்குவதே இயற்கை. ஓட்டப்பந்தய வீரருக்கும் அந்த எண் 100 ஆகாது. பொதுவாக 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 40-க்குக் கீழே இறங்கினால் குறைவு என்பர். பள்ளி மதிப்பெண்ணுக்குப் பழகிய நம் கண்களுக்கு 60 என்பது பாதியைச் சற்றே தாண்டிய தேர்ச்சியாகத் தோன்றுகிறது. பெரியவரின் கலக்கத்துக்கு வேறு காரணம் இல்லை.

உடலுறுப்புகளின் செயலைக் குறிக்கும் மருத்துவச் சொற்களில் இத்தகைய பொறிகள் நிறைய உண்டு. ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்பதை நாளிதழ்கள் ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதுகின்றன. அதைப் படிக்கும் குடும்பத்தார் இதயம் நின்றுவிட்டதாகவே அஞ்சுகின்றனர். உடலின் தேவைக்கு ஈடாக இரத்தத்தை இறைக்க இதயம் திணறுகிறது என்பதே அச்சொல்லின் பொருள். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். உரிய மருந்துகளோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ‘செயல்குறைவு’ என்று எழுதினால் பாதி அச்சம் நீங்கும் என்பது என் எண்ணம். இந்நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மேற்சொன்ன எண் இயல்பாகவே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவது எவ்வளவு தவறோ, எண்ணை மட்டும் பார்த்து மூச்சுத் திணறலைப் புறக்கணிப்பதும் அவ்வளவு தவறு.

தைராய்டு அறிக்கையில் டி.எஸ்.எச். கூடியிருந்தால் ‘தைராய்டு அதிகமாகிவிட்டது’ என்கிறோம். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறானது. டி.எஸ்.எச். சுரப்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டை வேலை செய்யும்படி ஏவும் கட்டளை அது. வங்கிக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். தலைமை அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் கடிதங்கள் பெருகினால் கிளையில் வேலை தேங்கியிருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ஹைப்போ’, ‘ஹைப்பர்’ என்னும் இரட்டையர். முன்னது குறைவு, பின்னது மிகை. தொலைபேசியில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்குபவருக்கு, மிகை என்று மயங்கி இன்சுலின் போட்டால் உயிருக்கே கேடு. அவருக்கு உடனே வேண்டியது 3 தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர். 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வீட்டில் ‘தாழ்சர்க்கரை’, ‘உயர்சர்க்கரை’ என்று தமிழிலேயே சொல்லிப் பழகினால் இக்குழப்பத்துக்கு இடமில்லை. நம் மொழிக்கு இது புதிதும் அன்று. ‘டிஸ்யூரியா’ என்று மருத்துவர் எழுதுவதை நம் பாட்டிமார் ‘நீர்க்கடுப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

பத்து நாட்கள் கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். இதயத்தில் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். மேல்வயிற்று எரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பியும் செய்தார்களாம். அதிலும் புண்ணோ கட்டியோ இல்லை. மகிழ்ச்சியுடன் வந்திருக்க வேண்டியவர் முகம் வாடியிருந்தது. சீட்டில் ‘ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா’ என்று எழுதியிருந்தது.

“ஒன்றுமில்லை என்கிறார்கள். நாலு வாய் சோறு உண்டால் வயிறு கல்லாகிவிடுகிறது. நான் பொய்யா சார் சொல்கிறேன்?”

‘ஃபங்ஷனல்’ என்னும் அந்தச் சொல் நம் நாட்டில் எத்தனையோ பேரை இப்படிப் புண்படுத்தியிருக்கிறது. ‘செயல்பாட்டுக் கோளாறு’ என்பது அதன் பொருள். உறுப்பின் அமைப்பில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை, ஆனால் அது இயங்கும் விதத்தில் பிழை இருக்கிறது. வீணையின் மரத்தில் கீறல் இல்லாமலேயே சுருதி கலைந்திருப்பது போன்றது. ‘டிஸ்பெப்சியா’வோ கிரேக்க மொழி வழி வந்த சொல், செரிமானத்தின் சீர்கேட்டைக் குறிப்பது. உணவு வந்ததும் இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். இந்நோயுள்ள பலருக்கு அது தளர்வதில்லை. சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. சிலருக்கு அங்குள்ள நரம்புகள் சிறு விரிவையும் வலியாக மூளைக்கு அறிவிக்கின்றன. இவை எதுவும் எண்டோஸ்கோப்பிப் படத்தில் பதியாது, வலியோ உண்மையானது.

இச்சொல்லின் மனக்காயத்தை மருத்துவ உலகமும் உணர்ந்திருக்கிறது. 2016-இல் வெளியான ‘ரோம் 4’ என்னும் பன்னாட்டு வரையறைகள், இவ்வகை நோய்களைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்புக் கோளாறுகள் என்று குறிப்பிடத் தொடங்கின. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் நோயும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதற்கான இலக்கணம் தெளிவானது: குறைந்தது 6 மாதங்களுக்கு முன் தொடங்கிய வயிற்று வலி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளேனும் வந்திருக்க வேண்டும், மலம் கழிப்பது, அதன் எண்ணிக்கை மாறுவது, அதன் தன்மை மாறுவது ஆகியவற்றுள் இரண்டோடேனும் அவ்வலிக்குத் தொடர்பிருக்க வேண்டும். வேறெதுவும் அகப்படாததால் ஒட்டப்படும் பெயர் என்று இதனை எண்ணிவிடலாகாது. அதே சமயம், மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவை தோன்றினால் ‘ஃபங்ஷனல்தானே’ என்று இருந்துவிடாமல் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

பெரியவருக்கு எழுதிய மருந்துகளுள் ஒன்று பேரனின் கைப்பேசித் தேடலில் ‘மனச்சோர்வு மாத்திரை’ என்று வந்துவிட்டது. அது மற்றொரு அவமானம். அம்மாத்திரையைச் சிறிய அளவில் கொடுப்பது குடல் நரம்புகளின் மிகையுணர்ச்சியைத் தணிப்பதற்காக என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சீட்டு எழுதும் நேரத்தில் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசியிருந்தால் போதும். மருத்துவர்கள் பொறுத்தருள்க.

இதில் பணம் சார்ந்த பக்கம் ஒன்றும் உண்டு. ‘ஒன்றுமில்லை’ என்று காதில் விழுந்ததை நம்பி, மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் முந்தைய நோய் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதுவோர் பலர். மருத்துவர் பெயரிட்டு மருந்து எழுதியிருந்தால் அது பதிவான நோயே. கேட்ட இடத்தில் அச்சொல்லைச் சீட்டில் உள்ளபடி எழுதிவிட வேண்டும். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி முந்தைய நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. தொடர்ந்து 60 மாதங்கள் காப்பீடு நடப்பில் இருந்தபின், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, தகவலை மறைத்ததாகச் சொல்லி இழப்பீட்டை மறுக்க இயலாது. அதற்கு முன் மறைத்தது தெரியவந்தால் இழப்பீடு கைக்கு எட்டாமல் போகலாம்.

அன்று பெரியவர் தம் பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, என் முன்னாலேயே கிழித்தார். மகளுக்குச் சேர வேண்டுமென்றால் வைப்புத்தொகையை உடைக்க வேண்டியதில்லை, நியமனதாரராக மகள் பெயரைப் பதிவு செய்தால் போதும் என்று சொன்னேன். அந்தப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டார். பிறகு, சீட்டை மறுபடி விரித்து, “சார், இந்த ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் என்ன?” என்று கேட்டார். தேவைப்பட்டால் மட்டும் உண்க என்று பொருள் என்றேன். மூன்று நாட்களாக வேளை தவறாமல் விழுங்கி வந்தாராம்.