சுவரில் ஒரு சாட்சி

குளிர்நாட்டு இல்லங்களிலே கூடத்துச் சுவரில் உள்ளங்கை அளவான சிறு பெட்டியொன்று பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். வேண்டிய வெப்பநிலையை அதிற் குறித்துவிட்டால், வீடு குளிரும்போது நிலவறையிலுள்ள வெப்ப உலையை அது மூட்டிவிடும். போதிய சூடு வந்ததும் அணைத்துவிடும். ஆங்கிலத்தில் 'தெர்மோஸ்ரற்' என வழங்கும் இதனை நாம் வெப்பநிலைநிறுத்தி என்போம். பனிக்காலத்தில் ஒரு குடும்பத்தின் உடல்நலமே இச்சிறு பெட்டியின் நேர்மையைப் பொறுத்துள்ளது எனின் மிகையாகாது.

இக்கருவியின் வரலாற்றில் ஒரு பாடசாலைக்குப் பங்குண்டு என்பது ஆசிரியர்களுக்கு மகிழ்வூட்டுஞ் செய்தியாகும். வெப்பநிலையைத் தானே காக்கும் உபாயமொன்றுக்கு 1830இல் ஸ்கொத்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் அந்திரு யூர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனை மின்சாரத்தின் துணையுடன் அறைச் சுவருக்குக் கொண்டுவந்த பெருமை வாரன் ஜோன்சன் என்னும் ஆசிரியரைச் சாரும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, வைற்வாற்றர் என்னும் ஊரின் ஆசிரிய கலாசாலையில் அவர் கற்பித்துவந்தார். வகுப்பு குளிர்கிறதா, புழுங்குகிறதா என்பதை அறியக் கட்டடக் காவலாளர் ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து வருவார்; பின்னர் நிலவறைக்கு இறங்கிச் சென்று உலையின் காற்றுவழியைத் திருத்துவார். பாடம் நடுவே அறுந்துபோகும். இதற்கு மாற்றுத் தேடிய ஜோன்சன் 1883இல் தம் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அறையிலிருந்த கருவி, கீழே உலையைக் காப்பவருக்கு மணியடித்து அறிவித்தது. வெளியார் ஒருவர் வந்து பார்த்துத் தீர்ப்புக் கூறிய நிலை மாறி, அறையே தன் குறையைச் சொல்லும் வழி பிறந்தது.

கருவி வேலைசெய்யும் முறை கடினமானதன்று. பித்தளைத் தகட்டையும் இரும்புத் தகட்டையும் ஒன்றோடொன்று இறுகப் பொருத்திச் சூடாக்கினால், பித்தளை அதிகம் நீளும். இரும்பு குறைவாக நீளும். பிரிய முடியாத இரண்டும் ஒரு பக்கமாக வளையும். அவ்வளைவே மின்னோட்டத்தைத் தொடுக்கவும் துண்டிக்கவும் போதுமானது. நம் வீடுகளில் உடுப்பு மினுக்கும் மின்னழுத்திக்குள்ளும் இதே தத்துவமே தொழிற்படுகின்றது. இன்றைய கருவிகள் பலவற்றில் இத்தகடு மறைந்து, வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சிறு துணுக்கொன்று அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. எனினும் பழையதும் புதியதும் ஒரு குணத்தில் வேறுபடா. தம்மைத் தீண்டும் காற்றின் நிலையை அவை அறியும். நாலடிக்கு அப்பால் இருப்பவரின் நிலையை அறியமாட்டா.

இவ்வுண்மை எத்துணைப் பாரமானது என்பதை ரொறன்ரோ நகரில் ஒரு பனிக்காலத்தில் நேரிற் கண்டேன். அங்கே ஒரு வீட்டின் நிலவறைப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மேற்றளத்தில் வீட்டுக்காரர் குடும்பம். வீடு முழுவதற்கும் உலை ஒன்று, வெப்பநிலைநிறுத்தியும் ஒன்று, அதுவும் மேற்கூடத்துச் சுவரில். எழுபத்தெட்டு வயதான என் தாயார் இரண்டு கம்பளிகளைப் போர்த்தபடி, "பிள்ளை, கால் விறைக்குது" என்று நாள்தோறும் சொல்லிவந்தார். வீட்டுக்காரரோ கெட்டவரல்லர். படியிறங்கி வந்து மிகுந்த மரியாதையுடனேயே பேசினார்: "அம்மா, மேல இருபத்தொண்டு காட்டுது. இதுக்கு மேல நான் என்ன செய்யிறது? வயசு போனா அப்பிடித்தான் குளிரும்."

அவர் கூறியதில் பொய்யில்லை; கருவி 21 பாகைதான் காட்டியது. அந்த எண்ணுக்கு எதிரே ஒரு மூதாட்டியின் சொல் எடுபடவில்லை. எண்ணுக்கு எண்ணே மறுமொழி எனத் துணிந்து, சாதாரண வெப்பமானி இரண்டு வாங்கினேன். ஒன்றைத் தாயாரின் கட்டிலருகே வைத்தேன். 15 பாகை காட்டியது. மற்றையதை வீட்டுக்காரரின் இசைவுடன் மேற்கூடத்திலே, கருவியிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டேன். அரைமணி நேரத்தின் பின் அது 18 பாகை காட்டிற்று. அருகருகே இருந்த இரு சாட்சிகளும் மூன்று பாகை முரண்பட்டன.

வீட்டுக்காரர் நெடுநேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். மறுநாளே திருத்துநர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றியதும் காரணம் வெளிப்பட்டது. கம்பி வருவதற்காகச் சுவரிலே துளைத்த துவாரம் அடைக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. சுவரின் உட்புறத்தில் வெப்பக் காற்றுக் குழாயொன்று மேனோக்கிச் சென்றது. உலை எரியத் தொடங்கியதும் அக்குழாயின் சூடு துவாரத்தின் வழியே கசிந்து கருவியின் முதுகைத் தழுவும். வீடு சூடாகிவிட்டதெனக் கருவி கருதும். உலை விரைவில் அணையும். கருவியின் உறுப்புகளில் எப்பழுதும் இல்லை. தான் உணர்ந்ததை அது உள்ளபடியே உரைத்தது. உணர்ந்த காற்றுத்தான் வீட்டாருடையதன்று.

துவாரம் அடைக்கப்பட்டது; கருவி வேறொரு சுவருக்கு மாறியது; நிலவறைக்கு வரும் குழாயில் பாதி மூடிக்கிடந்த அடைப்பும் திறக்கப்பட்டது. இரண்டு நாட்களில் தாயாரின் அறை 21 பாகையை எட்டியது. ஒரு கம்பளி மடித்து வைக்கப்பட்டது.

இதனைச் சிறு அசௌகரியமெனத் தள்ளிவிடலாகாது. உடல் குளிரும்போது தோலடி இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்த அழுத்தம் உயரும். முதிய இதயத்துக்கு அது பெருஞ் சுமையாகும். குளிர்காலத்தில் வீட்டினுள் 18 பாகையேனும் இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கலாம் எனவும் சொல்கின்றது. அதிக நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருப்பவரும், அடுப்பும் உலாவலும் தரும் சூட்டை இழந்தவரும் அவர்களே. தம் குளிரைச் சொன்னால் "வயது" என்ற ஒரு சொல்லால் வாயடைக்கப்படுபவரும் பெரும்பாலும் அவர்களே.

கருவிகளை நம்பவேண்டாம் என்று நான் கூறவில்லை. எங்கள் வழக்கைத் தீர்த்ததும் ஒரு கருவியே அன்றோ? எண்ணொன்று கண்ணெதிரே நிற்கும்போது, அது எந்த இடத்தின் எண், யாருடைய காற்றின் எண் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டும். அறை தன் குறையைத் தானே சொல்லவேண்டுமென்றே ஓர் ஆசிரியர் இக்கருவியைச் சுவரில் ஏற்றினார். பொருந்தா இடத்தில் வைக்கப்பட்ட கருவி அவ்வறையின் வாயையே கட்டிவிடுகின்றது.

குளிர்நாடுகளிற் பெற்றோருடன் வாழும் நம்மவர் பலர். சிறு வெப்பமானியொன்றின் விலை அற்பமானது. அதனை வீட்டில் வயதில் மூத்தவரின் கட்டிலருகே வைத்து, கூடத்துக் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. ஒப்பிடுமுன் அவரிடமே கேட்பது இன்னும் நன்று.