கிரியாட்டினின்: ஒற்றை எண்ணை நம்பலாமா?

சிறுநீரகத்தின் நிலையை அறிய மருத்துவர்கள் முதலில் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று கிரியாட்டினின். தசையில் இருக்கும் கிரியாட்டின் தினமும் சிறிதளவு சிதைந்து இந்தக் கழிவாக மாறுகிறது. உடலுக்கு இதனால் பயனில்லை. சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். கழிவு உருவாவது ஏறத்தாழ ஒரே சீராக நடப்பதால், ரத்தத்தில் அது தேங்கினால் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இதை அளக்க வழிகாட்டியவர் மாக்ஸ் யாஃபே. காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் கிரியாட்டினின் செம்மஞ்சள் நிறம் காட்டும் என்று 1886இல் அவர் எழுதினார். இன்றும் பல லேப்களில் இயந்திரம் அளப்பது அந்த நிறத்தின் அடர்த்தியைத்தான். கீட்டோன் போன்ற வேறு சில பொருள்களும் இதே நிறத்தைத் தரும் என்பதால், பிழை குறைந்த நொதி முறையும் வழக்கத்தில் இருக்கிறது.

சிக்கல் எண்ணைப் படிப்பதில்தான். வடிகட்டும் திறன் பாதியானால் கிரியாட்டினின் நாளடைவில் சுமார் இரு மடங்காகும். ஒருவருக்கு டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராமாக இருந்தது 1.2 ஆனால், திறனில் பாதி போய்விட்டது என்று பொருள். ஆனால் ஆண்களுக்குப் பல லேப்கள் சுமார் 1.3 மில்லிகிராம் வரை இயல்பு என்றே அச்சிடுகின்றன. தசை மெலிந்த முதியவருக்குக் கழிவே குறைவாக உருவாகும், அவருடைய 1.2உம் உடற்பயிற்சி செய்யும் இளைஞரின் 1.2உம் ஒன்றல்ல. முந்தைய நாள் வயிறு நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் எண் சற்று ஏறும்.

அதனால்தான் ரிப்போர்ட்டில் இ-ஜி.எஃப்.ஆர் என்ற இன்னோர் எண்ணும் வருகிறது. கிரியாட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்று போடும் கணக்கு அது. ஆரோக்கியமான இளைஞருக்கு 100ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் சிறுநீரகச் செயலிழப்பு. இதுவும் மதிப்பீடுதான். சந்தேகம் இருந்தால், தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனை கைகொடுக்கும்.

ரத்தத்தில் அளக்கப்படும் இன்னொரு கழிவான யூரியாவை மட்டும் பார்த்தும் முடிவுக்கு வர முடியாது. உடலில் நீர் வற்றினாலே அது கூடிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கோ, ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கலாம். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் இரண்டையும் பார்ப்பது நல்லது. பழைய ரிப்போர்ட்டுகளையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 1.2 என்பது வழக்கமா, ஏற்றமா என்பதை அவற்றை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும்.