அயல்நாட்டு மருத்துவம்: செலாவணியும் திட்டமிடலும்

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில், அயல்நாட்டுச் சிகிச்சைக்கான செலாவணி கடும் நிபந்தனைகளின் பேரிலேயே வழங்கப்பட்டு வந்தது. நாட்டின் செலாவணிக் கையிருப்பைக் காப்பதே அதன் நோக்கம். எனினும், பயணம் இன்றியமையாததுதானா என்று நோயாளியின் குடும்பத்தாரை ஒருமுறை சிந்திக்கச் செய்ததும் அதன் விளைவாகும். இன்று அக்கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்துவிட்டன. ஆகவே, அச்சிந்தனையைக் குடும்பத்தாரே மேற்கொள்ள வேண்டியுள்ளது.

இன்றைய விதிகள்

2000 ஜூன் 1 முதல் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2004இல் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் தொடக்க வரம்பு 25,000 டாலர். இன்று அது நிதியாண்டு ஒன்றுக்கு 2,50,000 டாலராகும். இவ்வரம்புக்குள் மருத்துவமனையின் செலவு மதிப்பீடு இன்றியே சிகிச்சைக்குச் செலாவணி பெறலாம். வரம்பைக் கடந்து தேவைப்படின், இந்திய மருத்துவர் அல்லது அயல்நாட்டு மருத்துவமனை அளிக்கும் மதிப்பீட்டின் அடிப்படையில், அனுமதி பெற்ற வங்கியே அதனை வழங்கும். நோயாளியுடன் செல்லும் துணைவருக்கும் தனியே இவ்வசதி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து, ஓராண்டில் ரூ. 10 லட்சத்திற்கு மேல் அனுப்பும் தொகை மீதே வங்கி வரி வசூலிக்கிறது. வருமான வரிக் கணக்கில் இதனை ஈடுசெய்துகொள்ளலாம். எனினும், புறப்படும் வேளையில் கையில் இருக்க வேண்டிய தொகையில் இதனையும் சேர்த்தல் வேண்டும்.

செலவைக் கணக்கிடல்

மதிப்பீடு என்பது இறுதிப் பட்டியல் அன்று. அறுவையின் பின் சிக்கல் நேர்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் கூடுதலாகத் தங்க நேரிட்டாலும் கணக்கு மாறிவிடும். எனவே மதிப்பீட்டில் எவை அடங்கும், எவை அடங்கா என்பதை எழுத்து மூலம் கேட்டறிதல் நலம். துணைவரின் தங்குமிடம், உணவு, மறுபரிசோதனைக்கான பயணம் ஆகியவை பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. சிகிச்சை மாதக்கணக்கில் நீடிக்குமாயின் ரூபாயின் மாற்று விகிதமும் மாறக்கூடும். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட சிகிச்சைக்குப் பொருந்தாது. உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவையும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வீட்டையோ நிலத்தையோ விற்றுப் புறப்படும் குடும்பம், பாதி வழியில் பணமின்றித் தவிக்கும் நிலை இத்தகைய விடுபாடுகளாலேயே நேர்கிறது.

ஆவணங்கள்

அமெரிக்கா செல்வோர் விசாவுக்காக, நோயின் தன்மையையும் அயல்நாட்டுச் சிகிச்சையின் தேவையையும் விளக்கும் உள்ளூர் மருத்துவரின் கடிதம், சிகிச்சையளிக்க இசைந்து காலத்தையும் செலவையும் குறிக்கும் அந்நாட்டு மருத்துவரின் கடிதம், பணம் செலுத்தும் வசதிக்கான சான்று ஆகியவற்றை அளிக்க வேண்டியிருக்கும். பிரிட்டனும் நோய், உத்தேசச் செலவு, காலம், சிகிச்சை நடைபெறும் இடம் ஆகியவற்றைக் குறிக்கும் கடிதம் கோருகிறது. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட தனியார் சிகிச்சைக்கு அங்கு 11 மாதம் வரை விசா பெறலாம். இக்கடிதங்களைத் திரட்டும் முன்னரே, பரிசோதனை அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் அனுப்பி அயல்நாட்டு நிபுணரின் கருத்தைப் பெற்றுவிடலாம். அதே சிகிச்சை இந்தியாவிலேயே கிடைக்கும் என்பது சில வேளைகளில் இக்கட்டத்திலேயே தெளிவாகிவிடும்.

திரும்பிய பின்

அறுவை முடிந்தவுடன் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. தொடர் கவனிப்பை ஏற்கும் இந்திய மருத்துவரைப் புறப்படும் முன்னரே முடிவு செய்து, அவரையும் அயல்நாட்டு மருத்துவரையும் தொடர்புபடுத்துதல் அவசியம். அங்கு எழுதித்தரும் மருந்து இங்கு விற்பனையில் இல்லையெனில், சொந்த உபயோகத்திற்காகச் சிறிதளவு இறக்குமதி செய்ய 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். செலவாகாத நோட்டுகளில் 2,000 டாலர் வரை வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

செலாவணி பெறுவது இன்று எளிது. சிகிச்சையின் தேவை, முழுச் செலவு, தொடர் கவனிப்பு ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே பயணச் சீட்டு வாங்குவது, நோயாளியின் உடலையும் குடும்பத்தின் சேமிப்பையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.