அப்பிள் பையும் காய்ச்சிய சைடரும்

அப்பிளின் சதையில் 100 பங்கிற்கு ஏறத்தாழ 85 பங்கு நீரே உள்ளது. அப்பழத்தைத் துண்டுகளாக நறுக்கி, கோதுமை மாவினாலான இரண்டு தகடுகளுக்கிடையே அடைத்துப் போறணையில் வேகவைக்கும் பண்டமே அப்பிள் பை. அதனைச் செய்வோர் படும் தொல்லைகளிற் பெரும்பாலானவை இந்த நீரினால் விளைபவை. அடித்தகடு நனைந்து களியாகின்றது. கத்தி பட்டதும் சாறு தட்டில் ஓடுகின்றது. பழத்தின் சுவையும் மங்கிவிடுகின்றது. இந்நிலையில், அப்பிளைப் பிழிந்த சாறாகிய சைடரையும் அதனுட் சேர்ப்பது பொருந்தாச் செயலாகத் தோன்றலாம். ஆயினும், அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதியில் வாழ்ந்த பண்ணைவீட்டார் பல தலைமுறைகளுக்கு முன்னரே இதற்கொரு வழி கண்டனர். சாற்றைச் சேர்க்குமுன் அதிலுள்ள நீரைப் போக்கிவிடுவதே அவ்வழி.

சைடர் என்னும் சொல் இரு பொருள் தருவது. இங்கிலாந்திலே அது புளித்து மதுவாகிய பானத்தைக் குறிக்கும். இன்றைய அமெரிக்காவிலோ, புதிதாகப் பிழிந்த, வடித்துத் தெளிவிக்காத இனிய சாற்றையே பெரும்பாலும் குறிக்கும். பனையிலிருந்து இறங்கும் ஒரே சாறு, சுண்ணாம்பு சேர்ந்தாற் கருப்பநீராகவும் சேராவிடிற் கள்ளாகவும் ஆவதை அறிந்தோருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பைக்கு வேண்டியது இனிய சாறே.

அப்பிளின் தாயகம் மத்திய ஆசியாவின் தியன்சான் மலைச்சாரல். அப்பிளை மாவுள் வைத்து வேகவைக்கும் முறை 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்து அரச சமையற்காரரின் ஏட்டில் இடம்பெற்றுவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிற் குடியேறியோர் அப்பிள் விதைகளையும் உடன் கொண்டு சென்றனர். விதையிலிருந்து எழும் அப்பிள் மரம் தாய்மரத்தைப் போன்ற கனியைத் தருவதில்லை. பல மரங்களின் கனிகள் புளிப்பும் துவர்ப்பும் மிக்கனவாய் இருந்தமையால், அவை பிழிவதற்கே பயன்பட்டன. புளித்த சைடர் அன்றாடப் பானமாயிற்று. அந்நாட்டின் இரண்டாவது சனாதிபதியான ஜோன் அடம்ஸ், காலையில் ஒரு குவளை சைடர் அருந்தும் வழக்கமுடையவர்.

1796ஆம் ஆண்டு ஹாட்போட் நகரில் அமேலியா சிமன்ஸ் என்னும் பெண்மணி வெளியிட்ட சமையல் நூல், அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதற் சமையல் நூலாகக் கருதப்படுகின்றது. அதிலுள்ள அப்பிள் பை முறையொன்றிற் கறுவாவும் வசுவாசியும் எலுமிச்சந்தோலும் பன்னீரும் சேர்கின்றன. கறுவா விளையும் இலங்கையின் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் அதே ஆண்டிலேதான்.

அக்காலத்திற் சீனி விலையுயர்ந்த பொருள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்து, கடல் கடந்து வந்தது அது. பண்ணையாளரிடம் தாராளமாக இருந்ததோ அப்பிளும் விறகுமே. இலையுதிர் காலத்தில் அவர்கள் புதுச்சாற்றை அகன்ற பாத்திரங்களில் ஊற்றி, ஏழில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சினர். கருஞ்சிவப்பான தடித்த பாணி கிடைத்தது. இனிப்பும் புளிப்பும் செறிந்திருந்தமையால் அது நெடுநாள் கெடாதிருந்தது. சாற்றின் புளிப்பிற்குக் காரணமானது மலிக்கமிலம். சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷேலே 1785இல் அதனை அப்பிள் சாற்றிலிருந்தே பிரித்தெடுத்தார். நீர் ஆவியாகும்போது அவ்வமிலம் உடன் போவதில்லை. ஆதலாற் சீனி இனிப்பை மட்டும் தர, காய்ச்சிய சைடர் இனிப்போடு பழத்தின் புளிப்பையும் சேர்த்துத் தருகின்றது.

இம்முறை வீட்டிற் கையாளத்தக்கதே. 1 லீற்றர் இனிய சைடரை அகன்ற பாத்திரத்தில் 150 மில்லிலீற்றர் அளவாகச் சுண்டக் காய்ச்சவேண்டும். புதுச்சாறு கிடையாதவிடத்துச் சீனி சேராத அப்பிள் சாறு உதவும். இறுதியில் அடிப்பிடிக்காமற் கிளறுவது அவசியம். ஒரு பைக்கு இதிற் பாதி போதும். மீதியைப் போத்தலிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

இறுக்கமும் புளிப்புமுள்ள பச்சை நிறக் கிரானி சிமித் போன்ற அப்பிளில் ஒன்றேகால் கிலோ எடுத்து, தோல் சீவி, அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் நறுக்கவேண்டும். 100 கிராம் சீனியும் சிறிது உப்பும் கலந்து அரைமணி நேரம் வைத்தாற் சீனி பழத்துள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அந்நீரை வடித்து, காய்ச்சிய சைடரோடு சேர்த்து மீண்டும் குழம்பாகச் சுண்டவைத்து, ஆறியபின் அப்பிளுடன் கலக்கவேண்டும். ஒரு தேக்கரண்டி கறுவாத்தூளும் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவும் அதனுடன் சேரும். நீர் குறைந்தது, பழத்தின் சுவையோ ஒரு துளியும் வீணாகவில்லை.

மேல், கீழ்த் தகடுகளுக்கு 300 கிராம் கோதுமை மாவும் 200 கிராம் குளிர்ந்த வெண்ணெயும் ஆறு அல்லது ஏழு மேசைக்கரண்டி குளிர்நீரும் வேண்டும். வெண்ணெய் கடலையளவு துண்டுகளாக மாவிற் கிடக்கவேண்டும். போறணையில் அவை உருகி இடைவெளி விட, நீராவி அவ்விடைவெளிகளை உயர்த்துகின்றது. ஓடு அடுக்கடுக்காய்ப் பொரிவது இதனாலேயே. மிகுதியாகப் பிசைந்தால் மாவு இறுகும். வெண்ணெய் முன்னரே உருகினால் அடுக்கு உண்டாகாது. ஆகவே மாவை ஒரு மணி நேரமேனும் குளிரில் வைத்துப் பின் தட்டையாக உருட்டவேண்டும்.

9 அங்குலத் தட்டிற் கீழ்த்தகட்டைப் பரப்பி, அப்பிளை நிரப்பி, மேற்தகட்டால் மூடி, ஆவி வெளியேறச் சில கீறல்கள் இடவேண்டும். போறணையின் கீழ்த்தட்டில் 220 பாகை செல்சியசில் 20 நிமிடம், பின்னர் 190 பாகையில் 40 அல்லது 45 நிமிடம் வேகவேண்டும். முதலில் எழும் கடும் வெப்பம், சாறு ஊறுமுன் அடித்தகட்டை இறுகச் செய்கின்றது. கீறல்களிற் சாறு தடிப்பாகக் கொதித்தெழுவதே வெந்ததற்கு அடையாளம். வெளியே எடுத்தபின் மூன்று மணி நேரமாவது ஆறவிடவேண்டும். சோளமாவும் பழத்தின் பெக்ரினும் ஆறும்போதே சாற்றைக் கட்டி நிறுத்துகின்றன.

19ஆம் நூற்றாண்டில் மதுவொழிப்பு இயக்கம் பரவியபோது, சைடர் மரங்களை வெட்டி வீழ்த்திய பண்ணையாளரும் உண்டு. சீனியின் விலையும் வீழ்ந்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நிலவியது. சைடர்த் தோட்டங்கள் அருகவே, காய்ச்சிய சைடரும் பெரும்பாலான வீடுகளில் மறக்கப்பட்டது. வெர்மொன்ற் மாநிலத்தின் ஆலைகள் சிலவே அத்தொழிலைக் கைவிடாது காத்தன. பழைய குறிப்பைப் படித்துக் காய்ச்சாத சாற்றை ஊற்றுவோருக்கு நீர்த்த பையே கிடைக்கின்றது. விடுபட்டது அரிய பொருளெதுவுமன்று. அடுப்பின்மேல் ஒரு மணி நேரப் பொறுமையே.