செய்ததைச் சொல்கிறோமா, ஆளைச் சொல்கிறோமா?

கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தி முடிந்து, கை கழுவிவிட்டு வருகிறார்கள் நான்கு பேர். வெற்றிலைத் தட்டு இருக்கும் மேஜைப் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் முதலில் வரும் பேச்சு, "சாம்பார்ல உப்பு கம்மி." உண்மைதான், கம்மிதான். அடுத்தவர் சொல்கிறார்: "பாயசம் பாதி வரிசைக்குத்தான் வந்துச்சு." அதுவும் உண்மை. மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்துகிறார்: "அவங்க குடும்பமே அப்படித்தாங்க. அடுத்தவங்களுக்குக் கொடுக்க மனசே வராது." நான்கு பேரும் சிரிக்கிறார்கள். நாற்காலிகள் இன்னும் கொஞ்சம் நெருங்குகின்றன.

உப்பு குறைந்ததற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். சமையல் மாஸ்டர் காய்ச்சலோடு வந்திருக்கலாம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாகி, கொதிக்கிற சாம்பாரில் இரண்டு குடம் வெந்நீர் விழுந்திருக்கலாம். அதையெல்லாம் விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சாம்பாரிலிருந்து ஒரே தாவலில் அந்தக் குடும்பத்தின் குணத்துக்குப் போய்விட்டார்கள்.

இந்தத் தாவலைப் பற்றி உளவியலில் ஒரு பிரபலமான சோதனை உண்டு. 1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். "இதை எழுதியவர் தானாக இந்தப் பக்கத்தை எடுக்கவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று அவரிடம் சொல்லப்பட்டது" என்று விளக்கியும் பார்த்தார்கள். அப்படியும், ஆதரவாக எழுதியவர் மனதளவில் காஸ்ட்ரோ பக்கம்தான் சாய்ந்திருப்பார் என்றே படித்தவர்கள் எடை போட்டார்கள். எழுதியவருக்கு வேறு வழியே இல்லை என்று தெரிந்தும், எழுத்து அவருடைய குணமாகிவிட்டது.

நாம் தாமதமாக வந்தால் டிராஃபிக் காரணம். மருமகள் தாமதமாக வந்தால் அவள் வளர்ப்பு காரணம். இதைப் புரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம்வரை போக வேண்டியதில்லை.

சரி, குறை சொல்வதில் அப்படி என்ன சுகம்? அந்த நாற்காலிகள் நெருங்கியதில் பாதி பதில் இருக்கிறது. 2006-ல் ஜெனிஃபர் பாஸன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான்: முன்பின் தெரியாத இருவருக்கு மூன்றாவது ஆள் ஒருவரைப் பொதுவாகப் பிடித்திருப்பதைவிட, பொதுவாகப் பிடிக்காமல் இருப்பது சீக்கிரமாக நெருக்கத்தைக் கொண்டுவருகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்த ஆபீஸில் முதல் நண்பரைச் சம்பாதிப்பது பெரும்பாலும் மேனேஜரைத் திட்டித்தான்.

ஆனால் இதற்கு விலையும் உண்டு. 1998-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒருவர் அடுத்தவரைப் பற்றி என்ன குணத்தைச் சொல்கிறாரோ, கேட்பவர்கள் தங்களை அறியாமலே அதே குணத்தைச் சொன்னவர் மீதும் ஒட்டிவிடுவது தெரிந்தது. கஞ்சன், கஞ்சன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர் மீதும் கொஞ்சம் கஞ்சத்தனம் படிந்துவிடும்.

திருவள்ளுவர் புறங்கூறாமைக்கு ஒரு முழு அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அதே வள்ளுவர்தான் வேறோர் இடத்தில், தவறைக் கண்டால் இடித்துச் சொல்லும் ஆட்கள் பக்கத்தில் இல்லாத மன்னன், கெடுப்பதற்கு யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார். விமர்சனமே கூடாது என்பது அவர் கட்சி அல்ல. முகத்துக்கு நேரே சொல்கிறாயா, முதுகுக்குப் பின்னாலா என்பதைத்தான் பார்க்கிறார்.

கல்யாண வீட்டுப் பேச்சு வெற்றிலையோடு போய்விடும். இதே தாவலை ஓர் அரசாங்கம் செய்தால் அலுவலகங்கள் பூட்டப்படும், வங்கிக் கணக்குகள் முடங்கும், ஆட்கள் சிறைக்குப் போவார்கள். மதத்தை முன்வைத்துப் பொதுவாழ்வில் இயங்கும் அமைப்புகளைத் தடை செய்யலாமா கூடாதா என்ற விவாதம் நம் நாட்டில் சுதந்திரத்துக்கு அடுத்த வருஷமே தொடங்கிவிட்டது.

ஒரே படேல், மூன்று கடிதங்கள்

1948 ஜனவரி 30-ல் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். பிப்ரவரி 4-ல் ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்டது. உள்துறை அமைச்சர் சர்தார் வல்லபபாய் படேல். இந்தத் தடை பற்றி இன்று டி.வி. விவாதத்தில் உட்காரும் இரண்டு தரப்பும் படேலைத்தான் சாட்சிக்கு அழைக்கிறது. இரண்டு பேர் கையிலும் கடிதம் இருக்கிறது, இரண்டும் நிஜக் கடிதம்தான்.

பிப்ரவரி 27-ல் பிரதமர் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், கொலைச் சதியில் ஆர்.எஸ்.எஸ்.ஸுக்குச் சம்பந்தம் இல்லை, அது இந்து மகாசபையின் ஒரு தீவிரப் பிரிவின் வேலை என்கிறார் படேல். ஜூலை 18-ல் சியாமா பிரசாத் முகர்ஜிக்கு எழுதியதில், இந்த இரண்டு அமைப்புகளின், குறிப்பாக ஆர்.எஸ்.எஸ்.ஸின், செயல்பாடுகள் உருவாக்கிய சூழல்தான் இப்படியொரு கொடூரத்துக்கு இடம் கொடுத்தது என்கிறார். ஆதரிப்பவர் முதல் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வார். எதிர்ப்பவர் இரண்டாவதிலிருந்து ஆரம்பிப்பார்.

மூன்றாவது கடிதம் செப்டம்பரில், ஆர்.எஸ்.எஸ். தலைவர் கோல்வல்கருக்கே நேரடியாக எழுதியது. இந்து சமூகத்துக்கு அந்த அமைப்பு செய்த சேவையை அதில் ஒப்புக்கொள்கிறார். கூடவே, அதன் தலைவர்களின் பேச்சுகளில் வகுப்புவாத விஷம் நிறைந்திருந்தது என்றும் பச்சையாகச் சொல்கிறார். செய்த நல்லதைத் தனியாக, பேசிய கெட்டதைத் தனியாக, சம்பந்தப்பட்டவரின் முகத்துக்கு நேரே. படேல் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் இந்த மூன்றாவது கடிதம், இரண்டு பக்கத்திலும் பாதி பாதியாகத்தான் மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்த முடிச்சு அவிழ்ந்ததில் ஒரு சென்னைக்காரருக்குப் பங்கு உண்டு. டி.ஆர்.வெங்கடராம சாஸ்திரி, சென்னை மாகாணத்தின் முன்னாள் அட்வகேட் ஜெனரல். ஆர்.எஸ்.எஸ்.காரர் அல்ல, மிதவாதக் கட்சியைச் சேர்ந்தவர். தடையை எதிர்த்து 1948 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். சத்தியாகிரகம் தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனபோது, அரசுக்கும் அமைப்புக்கும் நடுவில் தூது போனவர்களில் அவரும் ஒருவர். அதுவரை அந்த அமைப்புக்கு எழுதப்பட்ட விதிமுறை என்று எதுவும் கிடையாது. அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்து, பேச்சுவார்த்தை நடந்து, 1949 ஜூலையில் தடை விலக்கப்பட்டது. நாட்டின் அரசியல் சட்டத்துக்கு விசுவாசம், தேசியக் கொடிக்கு மரியாதை என்ற உறுதிகளை அரசு தன் அறிவிப்பில் எடுத்துச் சொன்னது. நிபந்தனையோடு விலகியதா, நிபந்தனை இல்லாமலா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

சென்னையில் பிறந்த விதி

இதே காலத்தில் சென்னையில் இன்னொரு தடை. இது மத அமைப்பு அல்ல, இடதுசாரிகளின் 'மக்கள் கல்விச் சங்கம்'. பொது அமைதிக்கு ஆபத்து என்று சொல்லி, 1950 மார்ச்சில் மாகாண அரசு அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி.ராவ், கம்யூனிஸ்ட் வக்கீல், கோர்ட்டுக்குப் போனார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31-ல், சென்னையிலேயே வக்கீல் தொழில் செய்து உயர்ந்த தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதினார்.

சாரம் எளிமையானது. சங்கம் அமைப்பது குடிமக்களின் அடிப்படை உரிமை. அரசாங்கம் தனக்குத் திருப்தி ஏற்பட்டுவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு சங்கத்தை மூட முடியாது. ஓர் ஆலோசனைக் குழுவிடம் காகிதத்தைக் காட்டிவிட்டால் போதாது. சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து பதில் சொல்ல, நீதிபதி போன்ற ஒருவர் ஆதாரத்தைப் பார்க்க, வழி வேண்டும். இன்று மத அமைப்புகளைத் தடை செய்யும்போதெல்லாம் ஒரு 'தீர்ப்பாயம்' உட்காருகிறதே, அதன் வேர் இந்த வழக்கில்தான் இருக்கிறது.

1967-ல் வந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் (காஸ்ட்ரோ சோதனை நடந்த அதே வருஷம் என்பது தற்செயல்) இந்த ஏற்பாட்டை எழுதிவைத்தது. மத்திய அரசு காரணங்களோடு அறிவிக்கை வெளியிட வேண்டும். 30 நாளுக்குள் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் இரு தரப்பையும் கேட்டு ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு ஓட்டையும் உண்டு. தீர்ப்பாயம் சொல்லும்வரை காத்திருக்காமல், தடை உடனே அமலுக்கு வருகிறது என்று அரசு அறிவிக்கலாம். நடைமுறையில் அதுதான் வழக்கமாகிவிட்டது.

நெருக்கடி நிலையில் இந்தச் சிரமம்கூட எடுக்கப்படவில்லை. 1975 ஜூலை 4-ல் ஆர்.எஸ்.எஸ்., ஜமாஅத்தே இஸ்லாமி, ஆனந்த மார்க்கம் எல்லாம் ஒன்றாகத் தடை செய்யப்பட்டன. வெளியே ஒருவரையொருவர் வசைபாடிக்கொண்டிருந்த ஆர்.எஸ்.எஸ்.காரர்களும் ஜமாஅத்காரர்களும் பல சிறைகளில் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டி வந்தது. ஒரே வரிசையில் தட்டோடு நின்றவர்களுக்குள் பேச்சுவார்த்தையும் பழக்கமும் வந்தன. வெளியே வந்தபின் கொள்கை மாறவில்லை.

தடையே கூடாது என்று சொல்லிவிடுவதும் சுலபமான பேச்சுதான். ஆயுதம் சேர்க்கும் கூட்டத்தை, கொலைக்குத் திட்டமிடும் கூட்டத்தை, ரத்தம் சிந்தும்வரை வேடிக்கை பார் என்று எந்த அரசிடமும் சொல்ல முடியாது. பண வரத்தை நிறுத்தவும் கூடும் இடங்களை மூடவும் தடை உதவுகிறது என்று போலீஸ் தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறுபக்கம், 2001-ல் தடை செய்யப்பட்ட 'சிமி' அமைப்பின் மீதான தடை இன்றுவரை மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்டுவருகிறது. நடுவில் 2008 ஆகஸ்டில் ஒரு தீர்ப்பாயம் அரசு காட்டிய காரணங்கள் போதாது என்று மறுத்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த முடிவை நிறுத்திவைத்தது. 2022 செப்டம்பர் 28-ல் பாப்புலர் ஃபிரண்ட் ஆஃப் இந்தியா ஐந்து ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டு, அடுத்த மார்ச்சில் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. அன்றைக்கு இனிப்பு வழங்கும் மனநிலையில் ஒரு தரப்பு இருந்தது. 'அப்படியென்றால் ஆர்.எஸ்.எஸ்.ஸையும் தடை செய்' என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலர் கேட்டார்கள். அறிவிக்கையில் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பேசியவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு.

மூன்று நாள் மிச்சம்

1992 டிசம்பர் 6-ல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. 10-ம் தேதி ஆர்.எஸ்.எஸ்., விஸ்வ ஹிந்து பரிஷத், பஜ்ரங் தளம், ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த், கேரளத்தின் இஸ்லாமிய சேவக் சங்கம் ஆகிய ஐந்தையும் அரசு தடை செய்தது. மூன்று இந்த மதம், இரண்டு அந்த மதம். தராசு நேராக நிற்பதுபோல் தோன்றும். ஆனால் தராசில் வைக்க வேண்டியது ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பது.

டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பாஹ்ரியின் தீர்ப்பாயம் 1993 ஜூன் 4-ல் முடிவு சொன்னது. விஸ்வ ஹிந்து பரிஷத் மீதான தடை செல்லும். ஆர்.எஸ்.எஸ்., பஜ்ரங் தளம் மீதான தடைக்கு ஆதாரம் போதவில்லை. ஒரே குடும்பம் என்று ஊரே சொல்லும் அமைப்புகளைக்கூடத் தனித்தனியாக நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். முடிவில் பலருக்கு உடன்பாடு இல்லை.

ஜமாஅத்தின் கதை வேறு. அதன் மீதான குற்றச்சாட்டு மசூதி சம்பந்தப்பட்டதே அல்ல. காஷ்மீரைப் பற்றி அதன் தலைவர்கள் 1990-லும் 1991-லும் பேசியதாகச் சொல்லப்பட்ட சில பேச்சுகள். 'நாங்கள் அப்படிப் பேசவில்லை' என்று சம்பந்தப்பட்டவர்கள் நேரில் வந்து சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணைக்கும் நின்றார்கள். அரசுத் தரப்பில் வந்தவை, உளவுத் துறைத் தகவலை வைத்து அதிகாரிகள் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்கள். காதால் கேட்டவர் யாரும் வரவில்லை. தீர்ப்பாயம் தடையை உறுதி செய்துவிட்டது.

ஜமாஅத் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தகவல் கொடுத்தவரின் பெயரை அரசு ரகசியமாக வைத்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தத் தகவல் நம்பத்தக்கதா என்று தீர்ப்பாயம் ஏதாவது ஒரு வழியில் சோதித்தே ஆக வேண்டும் என்றது நீதிபதி ஜே.எஸ்.வர்மா எழுதிய தீர்ப்பு. நேரில் வந்து சொன்ன சாட்சியத்தைத் தள்ளிவிட்டு, யாரோ சொன்னதாக இன்னொருவர் சொன்னதை எடுத்துக்கொண்டது செல்லாது என்று தடையின் உறுதியை ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பு வந்த நாள் 1994 டிசம்பர் 7. அன்றைய சட்டப்படி தடையின் ஆயுள் இரண்டு வருஷம். அது தானாகவே காலாவதியாக இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.