நெருப்பு ஈன்ற இரு தீவுகள்

தேசப்படத்தில் மணலியிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு வரையுங்கள். எண்ணூர்க் கரையைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, வட அந்தமானின் மேலாகச் செல்லும் அக்கோடு, ஏறத்தாழ 1,500 கி.மீ. தொலைவில் நார்கொண்டாம் என்னும் சிறு தீவின் அருகே போய்ச் சேரும். அதற்குத் தெற்கே சுமார் 135 கி.மீ. தூரத்தில் பாரன் தீவு இருக்கிறது. இரண்டுமே எரிமலைகள். மாணவர்களே, ஒரே நாளில் இரண்டையும் மனக்கண்ணால் சுற்றி வருவோமா?

காலையில் பாரன் தீவு. கரையிறங்கப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. கப்பலில் நின்றே பார்ப்போம். வட்டமான பெரிய மதில்போல் ஒரு பழைய எரிமலையின் விளிம்பு. அதன் நடுவே சாம்பலாலான கூம்பு. மேற்குப் பக்கத்தில் மதில் உடைந்து, கரிய குழம்பு கடலுக்குள் ஓடி உறைந்திருக்கிறது. தீவின் உயரம் 354 மீட்டர்தான். ஆனால் கடலடியிலிருந்து அளந்தால் அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல்! 1787இல் இதன் சீற்றம் பதிவாயிற்று. பின்னர் நெடுங்காலம் உறங்கி, 1991இல் மீண்டும் கண்விழித்தது. அதன் பின்னும் பலமுறை புகைந்துள்ளது. இந்தியாவில் இன்றும் சீறும் எரிமலை இது ஒன்றே.

இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது? இந்தியப் புவித்தட்டு இங்கே பர்மாத் தட்டின் அடியில் மெல்ல அமிழ்கிறது. கடல்நீர் ஊறிய பாறையும் அதனுடன் கீழே போகிறது. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து, மேலுள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவரின் பற்றாசை நினைத்துக்கொள்ளுங்கள். ஈயம் 327 பாகை செல்சியஸிலும், வெள்ளீயம் 232 பாகையிலும் உருகும். இரண்டையும் தக்க அளவில் கலந்தாலோ 183 பாகையே போதும். இவ்வாறு உருகிய குழம்பு மேலெழுந்து எரிமலையாகிறது. இதே தட்டுகளின் எல்லை 2004 டிசம்பர் 26 அன்று திடீரென நழுவியதால் எழுந்த ஆழிப்பேரலைதான், சுமார் இரண்டரை மணி நேரத்தில் சென்னைக் கரையைத் தாக்கியது. எரிமலை தொலைவில் இருந்தாலும், அதைப் படைக்கும் இயக்கம் நமக்கு அந்நியமன்று.

பாரனில் உயிர்களே இல்லையா? உண்டு. எலிகளும் வௌவால்களும், முற்காலத்தில் மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகளின் சந்ததியும் வாழ்கின்றன.

மாலையில் நார்கொண்டாம். என்ன மாறுதல்! நெருப்பு அடங்கி நெடுங்காலமானதால், சாம்பல் வளமான மண்ணாகி, 710 மீட்டர் உயர மலை முழுவதும் காடாகியிருக்கிறது. அத்தி மரங்களில் நார்கொண்டாம் இருவாட்சிகள் பழம் தின்கின்றன. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண் கறுப்பு. பெண் பறவை மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும்; சிறு பிளவின் வழியே ஆண் பறவை உணவு ஊட்டும். இவை விதைகளைப் பரப்புவதால் காடு தழைக்கிறது. காடு தழைப்பதால் இவை வாழ்கின்றன.

சுமார் 7 சதுர கி.மீ. பரப்புள்ள இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. மொத்தம் ஆயிரம் அளவிலேயே இருக்கலாம். ஒருகாலத்தில் இங்குள்ள காவல் நிலையத்தினர் வளர்த்த ஆடுகள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்துவிட்டன. கன்று இல்லையேல் நாளை பொந்துள்ள முதுமரம் ஏது? ஆகவே பின்னர் அவை அகற்றப்பட்டன. நெருப்பைத் தாண்டி வளர்ந்த காட்டை ஆட்டு மந்தை ஒன்றே அழித்துவிடக்கூடும். ஒரே ஒரு வீடுள்ள உயிருக்கு அந்த வீடே உலகம் அல்லவா?